சாபுயின் என்றால் சம்பந்தியம்மா

கைப்பேசித் திரையில் அந்த அம்மாள் வெகுநேரம் பேசினார். பேசி முடித்ததும், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகள் கயல்விழி எங்களைப் பார்த்து, "அவங்களுக்கு ரொம்ப சந்தோஷமாம்மா" என்றாள்.

அவ்வளவுதான்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. இலுப்பூரில் எங்கள் உரக்கடைக்கு அன்று மட்டும்தான் விடுமுறை. கைப்பேசியைப் பருப்பு டப்பாவில் சாய்த்து நிறுத்திவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தோம். அவர் தேய்த்த சட்டை போட்டிருந்தார். நான் பட்டுப்புடவை கட்டவில்லை. கட்டலாமா என்று காலையில் இரண்டு தடவை யோசித்தேன். எங்கள் மகளைக் கட்டிக்கொள்ளப் போகிற பையனின் தாயாரை அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறோம். அவர் இருப்பது கொரியாவில்.

சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. காதோரம் கத்தரித்த முடி. என் வயதுதான் இருக்கும். பேச்சின் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தினார். மோதிர விரலால் கண்ணோரத்தைத் தொட்டுக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்தபடியே மீதியைச் சொன்னார்.

"என்னடி, அவங்க அம்புட்டு நேரம் பேசுனாங்க. நீ ஒரு வாய்ல முடிச்சிட்டே?" என்று கேட்டேன்.

"அந்த பாஷை அப்புடித்தாம்மா. நீளமா வரும்" என்றாள் கயல்.

நான் கல்லாவில் உட்கார்ந்து வியாபாரம் பார்க்கிறவள். வாய் ஒன்று சொல்லி முகம் வேறொன்று சொன்னால் எதை நம்ப வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சந்தோஷமாக இருக்கிறவர் தரையைப் பார்த்துப் பேசமாட்டார்.

அன்று சாயங்காலமே தீர்மானித்துவிட்டேன். அந்த அம்மாள் என்ன சொன்னார் என்பதை என்றைக்காவது அவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கொரிய மொழி தெரிந்தாக வேண்டும்.

வேண்டாம் என்று சொன்ன வீடு

கொஞ்சம் முன்கதை சொல்ல வேண்டும்.

கயல் எங்களுக்கு ஒரே பிள்ளை. திருச்சியில் வேதியியல் படித்தாள். ஆராய்ச்சிப் படிப்புக்குக் கொரியாவில் தேஜான் என்ற ஊருக்குப் போனாள். அங்கே அவளோடு ஒரே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த பையன் ஜி-ஹூன். ஒரு விடுமுறைக்கு வந்தவள், கொரியாவுக்குத் திரும்புவதற்கு முதல் நாள் தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே விஷயத்தைச் சொன்னாள்.

நான் வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து கடைக்குப் போனார். அவர் வேண்டாம் என்று சொல்லும் விதம் அதுதான்.

அவள் அழவில்லை, வாதாடவில்லை. வாரம் தவறாமல் போன் செய்தாள். கடையைப் பற்றிக் கேட்டாள், அப்பாவின் சர்க்கரை அளவைக் கேட்டாள். அந்தப் பையனின் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. பல மாதம் இப்படியே போயிற்று. ஒருநாள் மூட்டைகளுக்குத் தார்ப்பாய் போட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர், "இதுவரைக்கும் அவ எடுத்த முடிவு எதுவும் தப்பாப் போனதில்லையே" என்றார். நான் தார்ப்பாயின் மறுமுனையைப் பிடித்திருந்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். எங்கள் வீட்டில் சம்மதம் வந்தது இப்படித்தான்.

சம்மதம் வந்த பிறகும் பயம் போகவில்லை. வெளிநாட்டுப் பையன் என்பதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. நாளைக்கு ஒரு பிரச்சினை என்றால் நான் யாரிடம் பேசுவேன்? பெண்ணைக் கொடுத்த இடத்தில் ஒரு வார்த்தை கேட்கச் சம்பந்தி வேண்டாமா? சம்பந்திக்கும் எனக்கும் நடுவில் என் மகளே உட்கார்ந்து, பிடித்ததைச் சொல்லிப் பிடிக்காததை விழுங்கினால் அது என்ன உறவு?

விலைப் பலகையில் புது மருந்து

சென்னைப் பக்கம் ஒரு கொரியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த சுகந்தி என்ற பெண், சாயங்காலங்களில் கைப்பேசி வழியாக வகுப்பு எடுத்தார். சேர்ந்தேன்.

வகுப்பில் இருந்த மற்றவர்கள் எல்லாரும் கல்லூரிப் பெண்கள். கொரிய நாடகம் பார்த்து, பாட்டுக் கேட்டு வந்தவர்கள். எதற்காகப் படிக்க வந்தீர்கள் என்று முதல் நாள் ஒவ்வொருவரையும் கேட்டார்கள். சம்பந்தியோடு பேசுவதற்கு என்றேன். அந்தப் பெண்கள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள்.

எழுத்து எனக்குச் சீக்கிரம் பிடிபட்டது. மெய்யையும் உயிரையும் சேர்த்து ஒரே கட்டமாக எழுதுகிறார்கள். க்-உம் ஆ-வும் சேர்ந்தால் கா என்று நாம் எழுதுவது போலத்தான். வகுப்புப் பெண்களுக்கு அது புதுமையாக இருந்தது. அவர்கள் ஆங்கிலத்தின் வழியாகப் போனார்கள். நான் தமிழ் வழியாகப் போனேன், வழி குறுக்காக இருந்தது.

கடையில் வேப்பம்புண்ணாக்கு விலை எழுதும் கரும்பலகையில், அடியில் மீதியிருந்த இடத்தில் எழுதிப் பழகினேன். கத்தரிக்கு மருந்து வாங்க வந்த ஒரு பெரியவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னத்தா இது, புதுசா வந்திருக்க மருந்தா?"

கொரியா நாட்டு எழுத்து என்றேன்.

"அப்ப செடிக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டு, வழக்கமான மருந்தையே வாங்கிக்கொண்டு போனார்.

தலையில் வரும் த

சுலபம் என்று நினைத்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டேன். கொரிய மொழியில் மகளுக்கு 'தல்' என்று பெயர். நான் அதை 'டால்' என்பதற்கும் 'தல்' என்பதற்கும் நடுவில் ஏதோ ஒன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுகந்தி டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நான் சொல்வது நிலாவைக் குறிக்கும் சொல் என்றார். என் நிலா தேஜானில் ஆராய்ச்சி செய்கிறது, என் நிலாவுக்குச் சளி பிடித்திருக்கிறது என்று ஒரு வாரமாகச் சொல்லியிருக்கிறேன்.

"தலைன்னு சொல்றீங்கள்ல ஆன்ட்டி, அந்த த-வ அழுத்திச் சொல்லுங்க. அது போதும்" என்றார் டீச்சர்.

சொன்னேன். நிலா மகளாகிவிட்டது.

இலக்கணத்துக்கு வந்தபோது எனக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. வினைச்சொல் கடைசியில் வருகிறது. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுகிறது. 'நேத்து வந்த மாமா' என்பதை அதே வரிசையில் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பிப் போட்டுக் கல்லூரிப் பெண்கள் திணறியபோது, நான் தமிழில் நினைத்துச் சொல்லுக்குச் சொல் மாற்றி வைத்தேன். பெரும்பாலும் சரியாக இருந்தது.

மரியாதைதான் கடினம் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். அந்த மொழியில் இரண்டு மரியாதை உண்டு. நாம் யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவருக்கு ஒன்று. யாரிடம் பேசுகிறோமோ அவருக்கு ஒன்று. இரண்டும் ஒரே வினைச்சொல்லில் அடுத்தடுத்து வந்து உட்காரும். ஒரு பெண் இதென்ன கொடுமை என்று கேட்டாள். நான் மைக்கைத் திறந்து, எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பேசுவதைச் சொல்லிக் காட்டினேன்.

"'அண்ணன் வந்துட்டாருங்க'ங்கிறோம்ல? 'ஆரு' அண்ணனுக்கு. 'ங்க' நம்மகிட்ட கேக்குறவருக்கு. அம்புட்டுத்தான்."

டீச்சர், இத்தனை நாள் இதை இப்படி விளக்கத் தோன்றவில்லையே என்றார். கொரிய மொழியில் அந்த 'ங்க'வின் இடத்தில் 'யோ' வருகிறது. 'யோ' இல்லாமல் பேசினால் நாம் 'வா, போ' என்பது போல.

எனக்குச் சொந்தமாக ஒரு தெம்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் மணமேல்குடிப் பக்கத்துப் பெண். அப்பா ஐஸ் வியாபாரம் செய்தவர். கல்யாணமாகி இலுப்பூருக்கு வந்தபோது, கடற்கரைப் பேச்சும் கடல்மீன் பெயர்களும் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. இங்கே மண்ணின் பேர், பயிருக்கு வரும் நோவின் பேர், பூச்சியின் பேர் எல்லாமே புதிது. ஒரு விவசாயி இலைச்சுருட்டு என்று சொன்னால் அது என்ன என்று அவரிடமே கேட்டேன். என் நாத்தனார் சிரித்தார். சிரிக்கட்டும் என்று மறுபடி கேட்டேன். ஒரு வருடத்தில் கடையை நான் தனியாகப் பார்த்துக்கொண்டேன். தெரியாததைக் கேட்பதற்கு எனக்கு எப்போதும் கூச்சம் இருந்ததில்லை. ஒரு மொழியைக் கற்க அந்தக் குணம் பாதி உதவி.

வகுப்பிலேயே எனக்கு மிகவும் பிடித்த சொல் ஒன்று கிடைத்தது. ஆங்கிலத்தில் சம்பந்திக்குச் சொல் கிடையாது. கயலுடைய தோழிகளிடம் அந்த அம்மாளைப் பற்றி ஆங்கிலத்தில் சொல்ல வேண்டுமானால் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டும். கொரிய மொழியில் இருக்கிறது. சம்பந்தியம்மாளைக் கூப்பிடுவதற்கென்றே தனிச் சொல். சாபுயின். அன்று இரவுச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மோரை ஊற்றிக்கொண்டு, உரத்துக்கு என்ன சொல் என்று கேட்டார். 'பிர்யோ' என்றேன். அன்றிலிருந்து அந்த ஒரு சொல் அவருக்கு மனப்பாடம்.

சிவப்பு மை

கல்யாணத்தைக் கொரியாவில் பதிவு செய்துகொள்வது, இலுப்பூரில் சடங்கும் விருந்தும் வைப்பது என்று முடிவானது. பத்திரிகை அடிக்கக் கொடுத்தோம். மஞ்சள் தாளில் சிவப்பு எழுத்தில் மாதிரி வந்தது. பார்த்ததும் எனக்குத் திக்கென்றது. ஆளின் பெயரைச் சிவப்பு மையில் எழுதினால் அது செத்தவர் பெயர் என்பது கொரியர்களின் நம்பிக்கை. அந்த வாரம்தான் வகுப்பில் அதைச் சொல்லியிருந்தார்கள்.

மாப்பிள்ளை பெயரும் சம்பந்தியம்மா பெயரும் கொட்டை எழுத்தில், சிவப்பில். அந்த அம்மாளுக்குக் கணவர் இல்லை, மகன் ஒருவன்தான். அவன் பெயரை இப்படிப் பார்த்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

எழுத்தை மாற்றச் சொன்னேன். நாத்தனார் ஒத்துக்கொள்ளவில்லை.

"கல்யாணப் பத்திரிகைக்குச் செகப்பு இல்லாம வேற என்ன போடுவ? ஊர்ல கேக்க மாட்டாங்களா?"

நம் ஊரில் யாராவது கருப்பு ஓரம் போட்டுக் கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் நாம் என்ன நினைப்போம், அது மாதிரி இது அவர்களுக்கு என்று சொன்னேன். அவர் கையில் இருந்த மாதிரித் தாளைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு மடித்து வைத்துவிட்டார். பத்திரிகை தங்க நிறத்தில் வந்தது. ஊரில் எல்லாரும் ஆடம்பரம் என்றுதான் நினைத்தார்கள்.

பசிக்குதா

திருச்சி விமான நிலையத்துக்கு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். காரில் போகும்போது ஒரு நீளமான வரவேற்பு வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். பயணம் எப்படி இருந்தது, களைப்பாக இருப்பீர்கள், எங்கள் ஊருக்கு வந்ததில் மகிழ்ச்சி என்று எல்லாம் அதில் உண்டு.

கயலுக்கும் ஜி-ஹூனுக்கும் நடுவில் சம்பந்தியம்மா கண்ணாடிக் கதவைத் தாண்டி வந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். இரண்டு விமானம் மாறி வந்த களைப்பு. முகம் வெளுத்துக் கண் சிவந்து நின்றவரைப் பார்த்ததும் என் வாக்கியம் மொத்தமும் பறந்துபோயிற்று. வாயில் வந்தது ஒரே சொல்.

"பேகோபா?"

பசிக்குதா என்று அர்த்தம். 'யோ' இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையைக் கேட்பது போலச் சம்பந்தியைக் கேட்டுவிட்டேன். கயல் நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். ஜி-ஹூன் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

அந்த அம்மாள் ஒரு கணம் என்னையே பார்த்தார். பிறகு அவரும் 'யோ' போடாமலே பதில் சொன்னார். ஆமா, பசிக்குது.

என் வீட்டுக்காரர் இதுதான் சமயம் என்று மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, கடை இருக்கிற திசையைக் காட்டி, "பிர்யோ" என்றார். மாப்பிள்ளை இரண்டு கையாலும் அவர் கையைப் பற்றிக் குனிந்து வணங்கி, தானும் "பிர்யோ" என்றான். வழியில் விராலிமலையில் நிறுத்தி இட்லி வாங்கிக் கொடுத்தோம். சம்பந்தியம்மா சட்னியைத் தனியாகக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வாசலிலேயே செருப்பைக் கழற்றித் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அவருக்காகக் கட்டில் போட்டிருந்தோம். அவர் பாயைக் காட்டித் தரையில் படுத்துக்கொண்டார். நான் தண்ணீர் கொடுத்தபோது இரண்டு கையாலும் வாங்கினார். வேடிக்கை பார்க்க வந்திருந்த என் நாத்தனார், "நம்ம ஆளுகளாட்டமே இருக்காங்களே" என்று என் காதில் சொன்னார்.

பூண்டு உரித்தபோது

மறுநாள் கயலும் மாப்பிள்ளையும் வேட்டி சட்டை எடுக்கப் புதுக்கோட்டைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும். நான் பூண்டு உரிக்க உட்கார்ந்தேன். அவரும் வந்து உட்கார்ந்தார். உரிக்கும் வேகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, அது வீட்டுக்குச் சமைக்கிறவர் கை இல்லை. கேட்டேன். அவர் தன் ஊரில் ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறாராம். சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் கறி, ஊறுகாய் வகைகளைச் செய்து விற்கிற கடை. கணவர் போன பிறகு அந்தக் கடையில்தான் மகனை வளர்த்திருக்கிறார்.

பிறகு அவர் எனக்காகச் சொற்களைப் பிரித்துப் பிரித்து, மெதுவாகச் சொன்னார். அதில் 'பந்தே' என்றொரு சொல் வந்தது. எதிர்ப்பு என்று பொருள். வகுப்பில் படித்த சொல்தான். ஆரம்பத்தில் நான் எதிர்த்தேன் என்கிறார்.

நான் உரிப்பதை நிறுத்தினேன்.

அவர், அன்றைக்குப் போனில் அதைத்தான் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன், கயல் உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டார்.

இல்லை என்றேன்.

அவர் முழுவதையும் சொன்னார். எனக்குப் புரியாத இடத்தில் வேறு சொல் போட்டு, அதுவும் புரியாவிட்டால் கையால் காட்டிச் சொன்னார். மகன் இந்தியாவுக்கே போய்விடுவான் என்று பயந்தாராம். அந்தப் பெண்ணை விட்டுவிடு என்று அவனிடம் கெஞ்சியிருக்கிறார். குளிர்காலத்துக்கு முட்டைகோஸ் ஊறுகாய் போடும் நாட்களில் கடையில் வேலை மலை போல் இருக்குமாம். அப்படி ஒரு நாளில் கயல் தனியாகப் பஸ் ஏறிக் கடைக்குப் போயிருக்கிறாள். ஒன்றும் பேசவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பாத்திரம் கழுவியிருக்கிறாள். சாயங்காலம்வரை கழுவிவிட்டு, வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மறுநாளும் வந்தாள். இந்தப் பெண்ணை வளர்த்தவர் யாரோ என்று அவருக்கு அப்போது தோன்றியதாம். அந்தத் தாயாரிடம், தான் எதிர்த்ததை வெட்கப்பட்டாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் அன்று போனில் சொன்னாராம்.

கயல் ஏன் மறைத்தாள் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தப் பக்கத்திலும் எதிர்ப்பு இருந்தது என்று தெரிந்தால் நாங்கள் பின்வாங்கிவிடுவோம் என்ற பயம். அவள் இடத்தில் நான் இருந்தாலும் விழுங்கியிருப்பேன்.

ஆனால் சம்பந்தியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும். அந்த மொழியில் 'தோ' என்றால் நம் 'உம்'. அதை வைத்து ஒரே ஒரு சொல் சொன்னேன்.

"ஜொதோயோ."

நானும்தான்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார். புறங்கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. மகளைக் கொடுக்க மனமில்லாத ஒருத்தியும் மகனை விட மனமில்லாத ஒருத்தியும் பூண்டுத் தோலுக்கு நடுவில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

சிரித்து முடித்ததும், வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து நான் மனதில் வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன். அதைச் சொல்லத்தான் அந்த மொழியையே படித்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

நம்ம மகள் அழுதால் எனக்குப் போன் பண்ணுங்க.

தமிழில் இந்தச் சொற்கள் எந்த வரிசையில் நிற்கின்றனவோ அதே வரிசையில் கொரிய மொழியிலும் நின்றன. ஒரே ஒரு சந்தேகம்தான் இருந்தது. அந்த மொழியில் 'எங்க' என்பதற்கும் 'நம்ம' என்பதற்கும் ஒரே சொல். நான் எங்க மகள் என்று சொன்னேனா, நம்ம மகள் என்று சொன்னேனா என்பது கேட்கிறவர் எடுத்துக்கொள்வதைப் பொறுத்தது.

அவர் பூண்டு ஒட்டிய கையைப் பழைய புடவைத்துணி ஒன்றில் துடைத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் சொன்னது இது: "முதல்ல நான் அவகிட்டப் போறேன். போய், ஒங்களுக்குப் போன் பண்றேன்."

அந்த 'பண்றேன்' சாதாரணப் பண்றேன் இல்லை. எதிரே இருப்பவருக்கு வாக்குக் கொடுக்கும்போது மட்டும் வருகிற விகுதி ஒன்று அவர்களிடம் இருக்கிறது. அவர் அதைப் போட்டுத்தான் சொன்னார்.

முற்பகலில் ஓர் அழைப்பு

கல்யாணம் நன்றாக நடந்தது. அவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள். நானும் சம்பந்தியம்மாவும் அவ்வப்போது பேசிக்கொண்டோம். அவர் கடைக்கு என்ன காய் வந்தது, எங்கள் கடையில் எந்த விதை விற்றது என்று. அடுத்த ஆண்டு நடவு சமயத்தில் கயல் உண்டாகியிருப்பதாகச் சொன்னாள். நாத்தனாருக்குக்கூடச் சொல்லாமல் நானும் என் வீட்டுக்காரரும் எங்களுக்குள்ளேயே சந்தோஷப்பட்டுக்கொண்டோம்.

சில வாரம் கழித்து ஒரு முற்பகல். கடையில் நல்ல கூட்டம். கைப்பேசியில் சம்பந்தியம்மா பெயர் வந்தது. அவர் வழக்கமாகக் கூப்பிடும் நேரம் இல்லை.

"சாபுயின்," என்றார். பிறகு, "கயல் அழுகிறாள்" என்றார்.

அடுத்து அவர் சொன்ன சொல் எனக்குத் தெரியவில்லை. மறுபடி சொன்னார், தெரியவில்லை. அவர் மூச்சை இழுத்து, குழந்தைக்குச் சொல்வது போல எளிய சொற்களில் சொன்னார். பாப்பா போயிருச்சு.

நான் பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் தராசில் இருந்ததை அப்படியே விட்டுவிட்டு வந்தார். அவரிடம் சொன்னேன். அவர் வந்தவர்களை அனுப்பிவிட்டுக் கடைக்கதவைப் பாதி இறக்கினார்.

சம்பந்தியம்மா சொல்லிக்கொண்டே போனார். மருத்துவமனையிலிருந்து நேற்றே வீட்டுக்கு வந்துவிட்டாளாம், உடம்புக்கு ஆபத்து இல்லையாம். அம்மாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், கொஞ்சம் தேறியபிறகு நானே சொல்கிறேன் என்று கயல் கேட்டுக்கொண்டாளாம். மாப்பிள்ளையும் தயங்கினானாம். நான் உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அதனால் முதலில் இங்கே வந்தேன், வந்து போன் செய்கிறேன் என்றார். கடையைப் பூட்டிவிட்டு முதல் பஸ்ஸில் போயிருக்கிறார்.

வீடியோவுக்கு மாற்றச் சொன்னேன். சூடேற்றிய தரையில் கனத்த மெத்தை விரித்து, என் மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது.

"கயலு" என்றேன்.

திரும்பினாள். முகம் வீங்கியிருந்தது. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அழுது தீரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு சம்பந்தியம்மாவைக் கூப்பிட்டு, என்ன சாப்பிடக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். கடல்பாசி போட்ட சூப்பாம். பிள்ளை பெற்றவளுக்கும், இப்படி ஆனவளுக்கும் அங்கே அதுதான் பத்தியம். பச்சைத்தண்ணீர் தொடவிடவில்லை, காற்றுப்படாமல் வைத்திருக்கிறேன் என்றார். நாமும் அப்படித்தான் செய்வோம் என்றேன்.

இரண்டு வாய்க்குமேல் இறங்கவில்லை என்று வருத்தப்பட்டார். நான் பூண்டுக் குழம்பு வைக்கலாமா என்று கேட்டேன். எப்படி என்று கேட்டுக்கொண்டே அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். கைப்பேசியும் கூடவே போயிற்று. நல்லெண்ணெய் அங்கே வறுத்த எள்ளில் ஆட்டியது; கொஞ்சமாக விடச் சொன்னேன். பூண்டு நிறைய. மிளகைத் தட்டிப் போடச் சொன்னேன். புளி அங்கே இல்லை, வேண்டாம் என்று விட்டோம். சில சொற்கள் எனக்கு வரவில்லை. அவர் பாத்திரத்தை, கரண்டியைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். இது, இது இல்லை, அது என்று முடித்தோம்.

கதவருகில் ஒரு நிழல் தெரிந்தது. கயல் எழுந்து வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அத்தை என்ன கேக்குறாங்கன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"எனக்குப் புரியுது. நீ போய்ப் படு தாயி. நாங்க பேசிக்கிறோம்."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போய்ப் படுத்து, போர்வையைத் தோள்வரைக்கும் இழுத்துக்கொண்டாள். சம்பந்தியம்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்து, கண்ணை மூடிவிட்டாள் என்று தணிந்த குரலில் சொன்னார். அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு, மிளகு இன்னும் வேண்டுமா என்று கேட்டார்.

கொஞ்சம் வேண்டும் என்றேன்.